உன் தாத்தா பெயரில் ஒரு கட்டிடம்

கார்வெல், ஜார்ஜியா
அக்டோபர், வியாழக்கிழமை

அன்பு மகள் யோலாண்டாவுக்கு,

கர்த்தர் கிருபையால் நானும் உங்கப்பாவும் காலையில் எழுந்து ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளும் அளவுக்குத் தெம்பாக இருக்கிறோம், நீயும் அந்தப் பனிக்காட்டில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். அலாஸ்காவில் இப்போதே பனி விழ ஆரம்பித்துவிட்டது என்று தொலைக்காட்சியில் காட்டினார்கள், உங்கப்பா அதைப் பார்த்துவிட்டு இங்கே ஒரு போர்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டார், வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. அவருடைய முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, டாக்டர் நடக்கச் சொன்னார், இவர் ரேடியோவில் பேஸ்பால் கேட்பதையே நடை என்று கணக்கு வைத்துக்கொள்கிறார். ஊரெல்லாம் வேர்க்கடலை பிடுங்குகிறார்கள், மண்புழுதி வீட்டுக்குள் வந்து திரைச்சீலையெல்லாம் சிவப்பாகக் கிடக்கிறது. நீ அனுப்பிய கம்பளிக் காலுறை வந்து சேர்ந்தது, இந்த ஊரில் அதை எப்போது போடுவது என்று தெரியவில்லை, இருந்தாலும் சந்தோஷம்.

விஷயத்துக்கு வருகிறேன். புதுக் கட்டிடத் திறப்பு விழாவுக்கென்று நீ பேசி அனுப்பிய வீடியோவை ருஃபஸ் மாமா தன் செல்போனில் எனக்குக் காட்டினான். அதுவரைக்கும் நீ இப்படி ஒன்று அனுப்பியிருக்கிறாய் என்பதே எனக்குத் தெரியாது. அந்த நீல உடுப்பில் நன்றாக இருந்தாய், முகம்தான் கொஞ்சம் இளைத்திருக்கிறது. என் தாத்தா எஸ்ரா டால்பர்ட் இந்த ஊரில் கறுப்பர் ஓட்டுப் போடப் பாடுபட்டவர், அவர் பெயரை இந்தக் கட்டிடத்துக்கு வைப்பது எங்கள் குடும்பத்துக்குப் பெருமை என்று நீ சொன்னதைக் கேட்டு நான் அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. உன் மேல் இல்லை, சரி, உன் மேலும் கொஞ்சம்தான். அந்தக் கட்டிடம் எதற்கு, அதில் உன் தாத்தா பெயரை எதற்காக ஒட்டுகிறார்கள் என்று உன்னிடம் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் சொல்லலாம், ஆனால் நீ பாதியில் புகுந்து, அம்மா நீ இந்த உலகத்துல யாரைத்தான் நம்புவே என்பாய், நான் பட்டென்று வைத்துவிடுவேன், விஷயம் அப்படியே நின்றுபோகும். இதை ஒரே ஓட்டமாக முழுக்கப் படித்துவிடு. திறப்பு விழாவில் இந்த ஊர்க் கட்சிக்காரர்கள் அந்த வீடியோவைப் போடக் கூடாது, அதை நிறுத்த இப்போது உன் ஒருத்தியால்தான் முடியும்.

ஆகஸ்டில் ஆரம்பித்தது. முதலில் டக் ப்ரூயிட் வந்தான், இங்கே குடியரசுக் கட்சிக்குத் தலைவன், மாவட்டக் குழுவுக்கும் அவன்தான் தலைவன். ஒரு பெரிய பை நிறைய அவித்த வேர்க்கடலை கொண்டுவந்தான். இத்தனை வருஷமாக இந்தத் தண்டவாளத்துக்குக் கிழக்கே, நம் ஜனம் இருக்கிற பக்கம், அவன் காரை நான் பார்த்ததில்லை, எனக்கு அப்போதே உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "மிஸ் ஒசெல்லா, உங்கப்பா எஸ்ரா எங்க கட்சிக்காரர், தெரியுமா? அடிமைச் சங்கிலிய அறுத்த கட்சி எங்களோடது. நாங்க நிறமெல்லாம் பாக்கறதே இல்ல, எங்களுக்கு எல்லாரும் ஒண்ணுதான்" என்றான். நிறமே பார்க்காதவன் பள்ளிக்கூட நூலகத்தில் நம் ஆட்கள் ஊர்வலம் போன படமிருக்கிற புத்தகத்தை மட்டும் எப்படிக் கண்டுபிடித்து வெளியே எடுத்தான் என்று கேட்க வாய் வந்தது, உங்கப்பா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்துவிட்டார். வலியில்லாத அந்த நல்ல காலால்தான், ஓங்கி மிதித்தார்.

அவன் போன நாலாம் நாள் மெரிடித் வந்தாள். அட்லாண்டாவிலிருந்து வந்து குடியேறியிருக்கிறாளே அந்தப் பெண், ஜனநாயகக் கட்சியை இங்கே அவள்தான் நடத்துகிறாள். முற்றத்தில் ஒரு பலகை நட்டு, இன்னார் இன்னார் எல்லாரும் இங்கே வரலாம் என்று பெரிய பட்டியலே எழுதி வைத்திருக்கிறாள், ஆனால் நம் சர்ச் வோனி, கட்சிக் கூட்டம் ஆரம்பிக்கும்முன் ஒரு சின்ன ஜெபம் பண்ணலாமா என்று கேட்டதற்கும், வோனியின் மகன் டக்கின் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறான் என்பதற்கும் சேர்த்து அவளைக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டாள். பட்டியலில் வோனிக்கு மட்டும் இடம் பற்றவில்லை போல. மெரிடித் சர்க்கரைவள்ளிக் கிழங்கை மாவு ஓட்டில் வைத்துச் சுட்ட இனிப்புப் பை ஒன்று கொண்டுவந்தாள், தானே சுட்டது என்றாள். தட்டு அவளுடையது, பை கடையில் வாங்கியது, ஓரத்தில் அந்த மெஷின் நெளிவு எனக்குத் தெரியாதா. அவளும் அதே பாட்டைத்தான் பாடினாள். "உங்கப்பா எஸ்ரா ஓட்டுரிமைக்காகப் போராடினவர், அது எங்க கட்சியோட போராட்டம். உங்க குரல் எங்களுக்கு ரொம்ப முக்கியம் மிஸ் ஒசெல்லா." என் குரல் முக்கியம் என்றவள் என்னைப் பேசவே விடவில்லை. அவள் போனதும் உங்கப்பா, "ரெண்டு பேரையும் நம்பாதே, ஆனா பைய வெட்டு" என்றார்.

இரண்டு பேரும் உன் தாத்தா படம் போட்ட அட்டை விசிறி அச்சடித்து ஊர் முழுக்கக் கொடுத்தார்கள், சர்ச்சில் வீசிக்கொள்வோமே அந்தக் குச்சி வைத்தது. ஒன்றின் முதுகு சிவப்பு, இன்னொன்றின் முதுகு நீலம், முன்னால் ஒரே படம். யோலி, அது உன் தாத்தாவே இல்லை. ஈமச்சடங்குக் காப்பீட்டுக்குத் தவணை வாங்க சனிக்கிழமைதோறும் வருவாரே மிஸ்டர் ஹாலிஸ், அவர். தாத்தாவின் சலூன் வாசலில் நின்று எப்போதோ எடுத்துக்கொண்ட படம், நூலகத்தில் யாரோ சலூன் பலகையைப் பார்த்துவிட்டு எஸ்ரா டால்பர்ட் என்று எழுதி வைத்துவிட்டார்கள். உன் தாத்தாவுக்கு மீசையே கிடையாது. இரண்டு கட்சிக்கும் உயிருக்கு உயிரான மனிதர், இரண்டு கட்சியிலும் ஒருவருக்கும் அவர் முகம் தெரியவில்லை. நான் உடனே சொல்லவில்லை. யார் வந்து கேட்கிறார்கள் பார்ப்போம் என்று இருந்துவிட்டேன், ஒருவரும் கேட்கவில்லை.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோதே தாத்தா போய்விட்டார், அதனால் உனக்குச் சில விஷயம் தெரியாது, ருஃபஸும் பாதியைத்தான் சொல்லியிருப்பான். டக் சொன்னது பொய்யில்லை, உன் தாத்தா முதலில் குடியரசுக் கட்சிதான், அவருடைய அப்பாவும் அதுதான். சங்கிலியை அறுத்தவர்கள் என்ற நன்றி. ஆனால் இளவட்டமாக இருந்தபோது அட்லாண்டாவில் அந்தக் கட்சியின் மாநாட்டுக்குப் பழுப்பு நிறச் சூட்டெல்லாம் தைத்துப் போட்டுக்கொண்டு போனார், அங்கே அவருடைய சொந்தக் கட்சிக்காரர்களே தோளில் கைபோட்டு, "எஸ்ரா, நீங்கல்லாம் கொஞ்ச நாளைக்குப் பின்னாடி உக்காருங்க, வெள்ளைக்காரங்க நாலு பேர் உள்ள வந்தாத்தானே கட்சி வளரும்" என்று சொல்லிச் சமையல்கட்டுப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. மெரிடித் சொன்னதும் பொய்யில்லை, அவர் பிறகு ஜனநாயகக் கட்சிக்குத்தான் ஓட்டுப் போட்டார். ஆனால் இந்த ஊரில் ஓட்டுப் போடும் இடத்தில் வெள்ளையர் மட்டும் என்று காவல் காத்தது யார் என்று நினைக்கிறாய், அதே ஜனநாயகக் கட்சிதான். அவர்களுடைய உள்கட்சித் தேர்தலில் ஜெயித்தவன்தான் ஷெரீப், அவன்தான் நீதிபதி, அதில் நம்மைச் சேர்க்கவே மாட்டார்கள். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து அது செல்லாது என்று கோர்ட்டு சொன்னதும் உன் தாத்தா போய்ப் பெயரைப் பதிந்துவிட்டு வந்தார், மறுநாள் காலையில் சலூன் கண்ணாடி தூள்தூளாகக் கிடந்தது. நான் அப்போது பிறக்கவில்லை, ஆனால் என் அம்மா அந்த வாசலைக் கூட்டும்போதெல்லாம் பாதத்தைப் பார்த்துப் பார்த்து வைப்பாள், அது எனக்கு ஞாபகம் இருக்கிறது. கல்லெறிந்த அதே கட்சி பிற்காலத்தில் ஓட்டுரிமைச் சட்டம் கொண்டுவந்துவிட்டு, கண்ணாடி போட்டுக்கொடுத்தது நாங்கள்தான் என்று பெருமை பேசியது. அந்தச் சட்டம் பிடிக்காமல், கல்லெறிந்த ஆட்களெல்லாம் எங்கே போனார்கள் என்றால், மெதுமெதுவாக டக்கின் கட்சிக்குப் போய்விட்டார்கள். இதை நான் என் கண்ணால் பார்த்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோர்ட்டுக் கட்டிடத்தைவிட்டு ஜனநாயகமாகப் போனவர்கள் திங்கட்கிழமை குடியரசாக வந்தார்கள், அதே நாற்காலி, அதே தொப்பி, சட்டையில் குத்தியிருந்த கட்சி வில்லை மட்டும் வேறு. இப்போது ஒருவர் கதையின் முன்பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார், மற்றவர் பின்பாதியிலிருந்து ஆரம்பிக்கிறார், நடுவில் உன் தாத்தா தனியாக நின்றுகொண்டிருந்த இடத்தை இரண்டு பேரும் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். தாத்தா யாரையும் வீட்டுக்குள் விடமாட்டார், ஓட்டுக் கேட்டு எவன் வந்தாலும் சலூன் நாற்காலியில் உட்காரவைத்துச் சவரம் பண்ணிவிடுவார். கத்தி கழுத்தில் இருக்கும்போதுதான் கேள்வி கேட்பார். அப்போதுதான் மனுஷன் வளவளக்காமல் பதில் சொல்வான் என்பார். என்னிடம் கத்தி இல்லை, அதனால் ஊரில் போய் விசாரித்தேன்.

விசாரிக்க வைத்தது வோனி. அவள் அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு புதன்கிழமை ஜெபத்துக்கு வந்தவள், நம் சர்ச் ஹாலில் ஓட்டுப் பெட்டிச் சாமான் வைக்கிற அலமாரி காலியாகக் கிடக்கிறதே, ஏன் என்று கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. நான் மறுநாள் கோர்ட்டுக் கட்டிடத்துக்குப் போனேன், கவுண்டரில் இருக்கிற பெண் கொஞ்சம் நல்ல மாதிரி, என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். நம் ஹாலில் வாக்குச்சாவடியை மூடிவிட்டார்களாம். இனிமேல் கிழக்குப் பக்கத்து ஜனமெல்லாம் கடலை ஆலைக்கு அப்பால், நெடுஞ்சாலை ஓரத்தில் கட்டியிருக்கிறார்களே அந்தப் புதுச் சமூகக் கூடம், அங்கே போய்த்தான் போட வேண்டுமாம். நடந்து போகப் பாதை கிடையாது, லாரிகள் பறக்கிற ரோடு, நம் பக்கத்தில் பாதிப் பேரிடம் கார் கிடையாது. அந்தக் கூடத்துக்குத்தான் எஸ்ரா டால்பர்ட் கூடம் என்று பெயர். புரிகிறதா யோலி? ஓட்டுப் போடும் இடத்தை எடுத்துக்கொண்டு, ஓட்டுக்காகக் கண்ணாடி உடைபட்டவருடைய பெயரைக் கொடுக்கிறார்கள். நம் வாயைக் கட்ட அந்தப் பெயர்.

எந்தக் கட்சி பண்ணியது என்று கேட்டேன். அந்தப் பெண் குரலைத் தாழ்த்தி, "ரெண்டும்தான் மேடம், தேர்தல் குழுவுல எல்லாரும் கை தூக்கினாங்க, ஒருத்தர்கூட மறுக்கல" என்றாள். டக் அனுப்பிய ஆட்கள் செலவு குறையும் என்றார்களாம். மெரிடித் அனுப்பிய ஆட்கள் நம் ஹாலில் சக்கர நாற்காலி ஏற வழியில்லை, எல்லாரையும் உள்ளடக்க வேண்டும் என்றார்களாம். எல்லாரையும் உள்ளடக்கி வெளியே தள்ளிவிட்டார்கள். வோனியின் அம்மா வருஷக்கணக்காக அந்த ஹாலில்தான் ஓட்டுப் போடுகிறாள், உங்கப்பா பலகை போட்டு அடித்த சரிவு வழியாக. சூரியன் கிழக்கே உதிக்கிறது என்பதில்கூட ஒத்துப்போகாத இரண்டு கட்சியும் இது ஒன்றில் எப்படி ஒத்துப்போனது என்று நான் யோசித்துக்கொண்டே கிளம்பினேன், அப்போது அந்தப் பெண் பின்னாலிருந்து, "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் மேடம், உங்க தம்பியும் குழுவுலதானே இருக்கார்" என்றாள். ருஃபஸைக் குழுவில் போட்டார்கள் என்று எனக்குத் தெரியும், பெருமையாக நாலு பேரிடம் சொன்னவளும் நான்தான். அவன் கை தூக்கியிருப்பான் என்று மட்டும் தோன்றவே இல்லை. ஊரையே சந்தேகப்பட்டவள் வீட்டுக்குள் பார்க்காமல் விட்டேன்.

நேரே அவன் வீட்டுக்குப் போனேன். தோட்டத்தில் கீரைக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான், என்னைப் பார்த்ததும் குழாயை மூடினான், அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. என்ன சொன்னான் தெரியுமா? "அக்கா, நான் ஒருத்தன் கை தூக்காட்டியும் அதை மூடத்தான் போறாங்க. ரெண்டு பக்கமும் முன்னாடியே பேசி முடிச்சுட்டாங்க. போறது போகட்டும், அப்பா பேராவது கெடைக்கட்டுமேன்னு நான்தான் கேட்டு வாங்கினேன்." கேட்டு வாங்கினானாம், கடையில் மிச்சச் சில்லறைக்கு மிட்டாய் வாங்குவது மாதிரி. நான் சொன்னேன், "அப்பா பேரு நம்மகிட்டதானேடா இருந்துச்சு, அவங்ககிட்ட போய் எதுக்குடா வாங்கினே?" அதற்கு அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ எப்பவும் இப்படித்தான், எல்லாரையும் சந்தேகப்பட்டு சந்தேகப்பட்டு ஒண்ணும் செய்யாம உக்காந்திருப்பே, கூட்டத்துல உக்காந்து பேரம் பேசுறவனுக்குத்தான் கஷ்டம் தெரியும்" என்றான். அது என்னைக் கொஞ்சம் சுட்டது, ஏனென்றால் அதில் உண்மையும் இருக்கிறது, நான் ஒரு கூட்டத்துக்கும் போனதில்லை. ஆனாலும் அன்றைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வாசற்கதவை வேண்டுமென்றே சாத்தாமல் வந்தேன், அவன் நாய் ஓடிப்போய்ச் சாயங்காலம் வரை தேடினானாம்.

செப்டம்பர் கடைசி ஞாயிறு நம் சர்ச்சில் ஊர்ப்பிள்ளைகள் எல்லாம் திரும்பி வந்து கூடுகிற ஆராதனை, உனக்குத் தெரியும், தேர்தல் வருஷத்தில் அன்றைக்கு வேட்பாளர், கட்சிக்காரர் எல்லாம் பைபிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். வழக்கமாக முதல் பெஞ்சு அவர்களுக்கு. வாசலில் வெள்ளைக் கையுறை போட்டு நின்று எல்லாரையும் உட்காரவைக்கிறது நான்தானே, அன்றைக்கு முதல் பெஞ்சில் ஞாயிறு பள்ளிச் சிறுமிகளைப் போட்டேன். டக் வந்தான், அவனைத் தூணுக்குப் பின்னால் இருக்கிற அந்தக் குட்டிப் பெஞ்சில் உட்காரவைத்தேன். மெரிடித் வந்தாள், அவளையும் அதே பெஞ்சில். கடைசியாக ருஃபஸ் வந்து என் முகத்தைப் பார்க்காமல் நழுவப் பார்த்தான், விரலை நீட்டி அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் காட்டினேன். ஒருவர் சிவப்பு விசிறி, ஒருவர் நீல விசிறி, பாட்டுப் புத்தகம் அந்தப் பெஞ்சுக்கு ஒன்றே ஒன்று. டக்குக்கும் மெரிடித்துக்கும் நடுவில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு ருஃபஸ் பாடிய அழகை நீ பார்த்திருக்க வேண்டும், உங்கப்பாவுக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் இருமல் வந்துவிட்டது.

பிரசங்கம் முடிந்ததும் பாஸ்டர், எஸ்ரா டால்பர்ட் கூடம் திறக்கப்போவதைப் பற்றிச் சொல்லி, குடும்பத்தில் யாராவது ஒரு வார்த்தை பேசலாம் என்றார். ருஃபஸ் எழுந்திருக்கப் பார்த்தான். நான் அதற்குள் நடுவழியில் வந்து நின்றுவிட்டேன். "இந்த விசிறியில இருக்கிறவர் எங்கப்பா இல்ல, காப்பீட்டுக்காரர் மிஸ்டர் ஹாலிஸ்" என்றேன். பெரியவர்களெல்லாம் விசிறியைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டுச் சிரித்தார்கள், சிலருக்குத் தவணை பாக்கிகூட ஞாபகம் வந்தது. சிரிப்பு அடங்கினதும் சாவடி மூடின விஷயத்தைச் சொன்னேன். நம் ஜனத்தில் பாதிப் பேருக்கு அதுதான் முதல் தடவை காதில் விழுகிறது. பிறகு அந்தப் பெஞ்சைப் பார்த்துச் சொன்னேன், "எங்கப்பா பேரு வேணும்னா எடுத்துக்கோங்க, ஆனா சாவடிய இந்த ஹாலுக்கே திருப்பிக் குடுங்க. ரெண்டு கட்சியும் இங்க ஒரே பெஞ்சுல இருக்கீங்க. மூடறதுக்கு ஒண்ணா கை தூக்கினீங்களே, திறக்கறதுக்கும் இங்கேயே தூக்குங்க பாப்போம்." டக் மெரிடித்தைப் பார்த்தான், மெரிடித் டக்கைப் பார்த்தாள், அவ்வளவு ஒற்றுமையை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஒரு கையும் எழவில்லை. நடுவிலிருந்து ருஃபஸின் கை மட்டும் மடியைவிட்டுக் கிளம்பி, நெஞ்சுவரை வந்து, கழுத்து டையைச் சரிசெய்துவிட்டுக் கீழே போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது, கையுறையால் துடைத்துக்கொண்டு போய் வாசலில் நின்றேன்.

வெளியே மரத்தடியில் சாப்பாடு போட்டிருந்தோம், பொரித்த கோழியும் கீரையும் வெண்ணெய் அவரையும். அத்தனையும் ஆனபிறகும் டக் தட்டோடு என்னிடம் வந்தான். "மிஸ் ஒசெல்லா, நீங்க மனசு கஷ்டப்பட்டிருக்கீங்க. ஆனா குடும்பத்துல உங்க தம்பி சரின்னுட்டார், உங்க மக வீடியோவுலயே சரின்னுட்டாங்க. நீங்க ஒருத்தர் மட்டும்தான் வேணாம்ங்கறீங்க. இது ஜனநாயக நாடு, பெரும்பான்மைதானே?" மெரிடித் பின்னாலேயே வந்து என் வலி தனக்குப் புரிகிறது என்றாள். புரிந்தால் சாவடியைத் திற என்றேன். அது சிக்கலான விஷயம் என்றாள். ஒரு கட்டிடத்தை மூடும்போது இல்லாத சிக்கல் திறக்கும்போது எங்கிருந்து வருகிறது என்று யாராவது எனக்குச் சொன்னால் தேவலை.

பிறகு செவ்வாய்க்கிழமை ருஃபஸ் வந்தான். உள்ளே வரவில்லை, படியிலேயே நின்றுகொண்டு, "அக்கா, நான் குழுவை விட்டு விலகிட்டேன். பேரும் வேணாம்னு டக்கிட்ட சொல்லிட்டேன்" என்றான். நான் சரி என்றேன். அவன் போனதும் வண்டியை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக் கட்டிடத்துக்குப் போய்க் கவுண்டர் பெண்ணிடம் கேட்டுப் பார்த்தேன். உண்மைதானாம். உங்கப்பா என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார், அடித்துக்கொள்ளட்டும். ஆனால் விலகினதால் சாவடி திரும்பிவிடவில்லை, இந்தத் தேர்தலுக்கு நம் ஜனம் நெடுஞ்சாலைக்குத்தான் போயாக வேண்டும். சர்ச்சுக்குப் பின்னால் ஓடாமல் நிற்கிற பஸ்ஸுக்கு உங்கப்பா பேட்டரி மாற்றினார், முழங்காலைப் பிடித்துக்கொண்டே. ஓட்டுவதற்கு லைசென்ஸ் ஊரில் யாரிடம் இருக்கிறது? பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற உன் மாமா ஒருத்தனிடம்தான். நான் போய்க் கேட்கவில்லை. இந்தத் திங்கட்கிழமை, திறப்பு விழாவுக்கு முன்னாலேயே, அந்தக் கூடத்தில் தேர்தல் நாளுக்கு முன்கூட்டிய ஓட்டுப்பதிவு ஆரம்பித்தது, காலையில் அவனே வந்து பஸ் சக்கரத்தை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து தினமும் போகிறோம். வோனியின் அம்மாவை நாற்காலியோடு அவனும் வோனி மகனும் சேர்ந்து தூக்கி ஏற்றுகிறார்கள். அந்தப் பையன் டக் கட்சியின் சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டே வந்து ஏறினான், பாதிப் பேர் என்னைப் பார்த்தார்கள். நான் நகர்ந்து இடம் கொடுத்தேன். அவன் யாருக்குப் போடுகிறான் என்பது அவன் பாடு. ஒவ்வொரு நடையும் நான் ஓட்டுநருக்கு நேர் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன். முதல் நாள் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் அவன் வேகத்தைக் குறைத்ததும் எனக்குத் திக்கென்றது, "ஏன்டா நிறுத்தறே, எங்க திருப்பப்போறே" என்று கேட்டுவிட்டேன். "ரயில் வருதான்னு பாக்கறேன் அக்கா" என்றான். தண்டவாளத்தைத் தாண்டினான். பிறகு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "இன்னமும் என்னை நம்பலையா?" என்றான். அவன் பிடரி அப்படியே அப்பாவுடையது, இத்தனை வருஷம் நான் அதைக் கவனித்ததில்லை. ரோட்டைப் பாத்து ஓட்டு என்று மட்டும் சொன்னேன்.

இப்போது அவர்கள் கையில் மிச்சம் இருப்பது உன் வீடியோ ஒன்றுதான். நானும் ருஃபஸும் வேண்டாம் என்றாயிற்று. பேத்தியே சொல்லிவிட்டாள் என்று அதைத் திறப்பு விழாவில் பெரிய திரையில் போட்டால், நாங்கள் இரண்டு கிழங்களும் வெளியே நின்று கத்துவது யாருக்குக் கேட்கும்? உன்னை அவர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். நீ தெரிந்தே பேசியிருப்பாயோ என்று ஒரு ராத்திரி நினைத்தேன், நினைத்துவிட்டேன், அதையும் மறைக்கவில்லை. இந்தக் கடிதம் கிடைத்ததும் டக்கின் ஆபீஸுக்கு நீயே போன் பண்ணு. கம்ப்யூட்டரில் எழுதி அனுப்பாதே, வரவில்லை என்று சொல்லிவிடுவார்கள். உன் வாயால் பேசு, யாரிடம் பேசினாய் என்று பெயரைக் கேட்டுக்கொள், பிறகு மெரிடித்துக்கும் அதையே பேசு. சாவடி திரும்பி வந்தால் பெயர், இல்லாவிட்டால் பெயர் இல்லை. இதைவிட ஒரு வார்த்தை கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். இனிக்க இனிக்கப் பேசுவார்கள், உன்னுடைய உணர்வை மதிக்கிறோம் என்பார்கள், விழுந்துவிடாதே.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், அந்தக் குளிரில் உன் நெஞ்சில் சளி கட்டாமல் இருக்கட்டும், வேலையிடத்தில் உன் மேல் எல்லாருக்கும் தயவு உண்டாகட்டும். உங்கப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், காலுறை தனக்கா எனக்கா என்றும் கேட்கச் சொன்னார். ராத்திரி காரில் போனால் பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்கவிடாதே.

ஒன்று மறந்துவிடாதே. டக்கிடம் பேசி முடித்ததும் ருஃபஸ் மாமாவுக்கும் ஒரு போன் பண்ணு, வழக்கமாகப் பேசுகிற மாதிரி சிரித்துப் பேசு. அவனைச் சந்தேகப்பட நான் ஒருத்தி போதும்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஒசெல்லா